மணலுக்குள் என்ன இருக்கிறது? எண்ணெய் கசிந்தால் அதற்கு என்ன ஆகும்?

2024 ஜூன் மாதம். பள்ளி விடுமுறை. ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நீண்ட வார இறுதி. கூடாரம், பாய், பார்பிகியூ கரி எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பத் தயாரான குடும்பங்கள் சிங்கப்பூரில் எத்தனையோ.

ஆனால் அந்தச் சனிக்கிழமை கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும் செந்தோசாவிலும் அவர்களை வரவேற்றது தடுப்பு நாடாவும் பெட்ரோல் வாடையும்தான். மணல்மேல் கறுப்பாக, பிசுபிசுப்பாக எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சரி, மேலே இருக்கிற அழுக்கு மணலை வாரிக் கொட்டிட்டா முடிஞ்சது. இதுக்கு ஏன் இவ்வளவு நாள்?" என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் மணலுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

மணல் என்றால் என்ன?

அளவுதான் முக்கியம். 2 மில்லிமீட்டரைவிடப் பெரிதாக இருந்தால் அது சரளை. 0.06 மில்லிமீட்டரைவிடச் சிறிதாக இருந்தால் வண்டல். நடுவில் இருப்பதெல்லாம் மணல். சமையலறையில் இருக்கும் ரவையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த அளவு.

எதனால் ஆனது என்பது ஊருக்கு ஊர் மாறும். அங்கேதான் சுவாரசியமே.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு நகைப்பெட்டியைத் திறந்த மாதிரி. கண்ணாடித் துண்டுபோல் ஒளி ஊடுருவுவது குவார்ட்ஸ். லேசான இளஞ்சிவப்பில் கார்னெட். பளபளவென்று தகடுபோல் மின்னுவது மைக்கா. கருகருவென்று இருப்பது பெரும்பாலும் இரும்பு கலந்த கனிமம். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணல்மேல் இழுத்தால், சில கடற்கரைகளில் இந்தக் கருமணிகள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

அமெரிக்கப் படப்பிடிப்பாளரும் ஆய்வாளருமான கேரி கிரீன்பர்க், மணல்மணிகளை நுண்ணோக்கி வழியாகப் படமெடுத்து 2008இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இது நிஜமாகவே மணலா?"

எல்லா மணலும் பாறையிலிருந்து வந்ததில்லை. பவளப்பாறை உள்ள இடங்களில் மணலின் பெரும்பகுதி உயிர்கள் விட்டுச் சென்றவை: சிப்பித் துணுக்கு, கடல்முள்ளெலியின் உடைந்த முள், பவளத்தின் பொடி, ஃபோராமினிஃபெரா எனப்படும் ஒற்றை உயிரணு உயிரினத்தின் ஓடு. ஜப்பானின் ஒக்கினாவாவில் நட்சத்திர வடிவிலேயே மணல் கிடைக்கிறது. அது மணலே அல்ல, இந்த ஃபோராமினிஃபெராவின் ஓடுகள்.

இன்னொரு மணல் தொழிற்சாலையும் உண்டு. கிளிமீன். அது பவளப்பாறையில் படிந்த பாசியைத் தின்பதற்காகப் பாறையையே கடிக்கும். பாசி செரித்துவிடும், பாறை பொடியாகிப் பின்பக்கமாக வெளியே வரும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படித் தயாரிக்கும். வெப்பமண்டலத் தீவில் வெள்ளைவெளேரென்ற மணலில் படுத்து செல்ஃபி எடுத்திருந்தால், எதன்மேல் படுத்திருந்தீர்கள் என்று இப்போது புரிந்திருக்கும்!

நம் கடற்கரை மணல் எங்கிருந்து வந்தது?

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு கிரானைட் மலைகள். மழை அதைக் கரைத்து உடைத்து, ஆறு அதை உருட்டிக்கொண்டு வந்து கடலில் சேர்க்கிறது. வழியில் மென்மையான கனிமங்கள் தேய்ந்து போகும். கடைசியில் மிஞ்சுவது கெட்டியான குவார்ட்ஸ். கடற்கரையில் நீங்கள் கையில் அள்ளும் ஒரு மணி, பல்லாயிரம் ஆண்டு பயணம் செய்து வந்ததாக இருக்கலாம்.

லங்காவியில் ஒரு கடற்கரைக்குப் பெயரே பந்தாய் பாசிர் ஹித்தாம், அதாவது கறுப்பு மணல் கடற்கரை. அங்கே மணலைக் கறுப்பாக்குவது எண்ணெய் இல்லை. இல்மனைட், டூர்மலின் போன்ற கரிய கனிமங்கள். கறுப்பு மணல் என்றாலே அழுக்கு என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

சிங்கப்பூரின் கதை வேறு. கிழக்குக் கடற்கரைப் பூங்கா இருக்கும் இடம் 1960களின் நடுவரை கடல். 1966இல் தொடங்கிய நிலமீட்புத் திட்டத்தில், பிடோக் பக்கம் இருந்த குன்றுகளை வெட்டி மண்ணைக் கொண்டுவந்து கடலை நிரப்பினார்கள். செந்தோசாவின் கடற்கரைகளும் வெளியிலிருந்து கொண்டுவந்த மணலைப் போட்டு உருவாக்கப்பட்டவை.

"அப்போ அதெல்லாம் செயற்கைதானே? எண்ணெய் பட்டா என்ன, புது மணல் போட்டுக்கலாமே?"

அவ்வளவு எளிதில்லை. மணலைக் கொட்டியது மனிதர்கள். அதில் குடியேறியது உயிர்கள். யாரும் கூப்பிடாமலேயே அவை வந்துவிட்டன.

மணலுக்குள் யார் வசிக்கிறார்கள்?

அலை வாங்கிய நேரத்தில் கடற்கரையில் மிளகு அளவுக்குக் குட்டிக் குட்டி மணல் உருண்டைகள் பூக்கோலம்போல் பரவியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு நண்டின் வேலை. மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உருட்டி வெளியே போட்டுவிடும். அடுத்த அலை வருவதற்குள் சாப்பாட்டை முடித்துக் குழிக்குள் போய்விடவேண்டும். அதான் அந்த அவசரம்.

நண்டு கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதவைதான் அதிகம்.

ஒரு வாளி நிறைய மணல் இருப்பதாகத் தோன்றினாலும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மணலே இல்லை. மணிகளுக்கு இடையிலான இடைவெளி. புளோக்கில் வீடுகள் இருப்பதுபோல் அந்த இடைவெளிகளில் உருளைப்புழுக்கள், கோப்பிபாட் என்னும் நுண்ணிறால் வகைகள், சில இடங்களில் எட்டுக்கால் நீர்க்கரடிகள்கூட வசிக்கின்றன. ஒவ்வொரு மணியின் மேற்பரப்பிலும் பாக்டீரியா படலம் இருக்கிறது.

அலை ஏறி இறங்கும்போது கடல்நீர் இந்த இடைவெளிகள் வழியாக வடிகிறது. அது உயிர்வாயுவையும் உணவையும் கொண்டுவருகிறது. பாக்டீரியாக்கள் நீரிலுள்ள கழிவைச் சிதைக்கின்றன. அதாவது கடற்கரை என்பது ஒரு பெரிய இயற்கை வடிகட்டி. மணலில் இருக்கும் சிறிய உயிர்களை நண்டும் மீன்குஞ்சும் தின்கின்றன. அவற்றைக் கரையோரப் பறவைகள் தின்கின்றன.

ஆமைகளுக்கும் மணல் வேண்டும். சிங்கப்பூரின் கடற்கரைகளில், கிழக்குக் கடற்கரைப் பூங்கா உட்பட, அழுங்காமைகள் வந்து குழி தோண்டி முட்டையிடுகின்றன. மணலின் வெப்பநிலையைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகும்.

இந்த வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது. மணிகளுக்கு இடையிலான அந்த இடைவெளி அடைபடாமல் இருக்கவேண்டும்.

2024 ஜூன் 14 அன்று என்ன நடந்தது?

பிற்பகல் சுமார் 2.20 மணி. வாக்ஸ் மேக்ஸிமா என்ற நெதர்லாந்துக் கொடியுடைய தூர்வாரும் கப்பல், இயந்திரமும் திசைதிருப்பும் கட்டுப்பாடும் திடீரெனச் செயலிழந்ததாகத் தெரிவித்தது. பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றுகொண்டிருந்த மரீன் ஹானர் என்ற எரிபொருள் விநியோகக் கப்பல்மீது அது மோதியது. மரீன் ஹானரின் சரக்குத் தொட்டி ஒன்று உடைந்து, சுமார் 400 டன் எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது.

பாசிர் பாஞ்சாங் என்ற மலாய்ப் பெயருக்குப் பொருள் 'நீண்ட மணல்'. பெயரில் மணல் இருக்கும் இடத்தில் தொடங்கிய கசிவு, மணல் இருக்கும் இடங்களையெல்லாம் தேடிப் போனது. எண்ணெயை நீரோட்டம் கொண்டுசென்றது. செந்தோசா, லாப்ரடார் இயற்கைக் காப்பகம், செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு தீவுகள், கிழக்குக் கடற்கரைப் பூங்கா என்று வரிசையாகப் பாதிக்கப்பட்டன.

400 டன் அதிகமா? சிங்கப்பூரின் ஆக மோசமான எண்ணெய்க் கசிவு 1997 அக்டோபரில் நடந்தது. எவோய்கோஸ், ஓராப்பின் குளோபல் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதியதில் ஏறக்குறைய 28,500 டன் கொட்டியது. அதோடு ஒப்பிட்டால் 400 டன் சின்னது. ஆனால் எவ்வளவு கொட்டியது என்பதைவிட எங்கே கொட்டியது என்பது முக்கியம். கரைக்கு மிக அருகில் கசிந்ததால், தடுக்கக் கிடைத்த நேரம் குறைவு.

"அது சல்ஃபர் குறைந்த எண்ணெய்தானே, பரவாயில்லையா?" என்றும் சிலர் கேட்டார்கள். சல்ஃபர் அளவு என்பது கப்பலின் புகைபோக்கியிலிருந்து வரும் காற்று மாசைப் பற்றியது. 2020 முதல் கப்பல் எரிபொருளில் சல்ஃபர் பொதுவாக 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அனைத்துலக விதி. கடலில் கொட்டினால் அந்த எண்ணெயும் மற்ற கன எண்ணெய் போலத்தான் பிசுபிசுக்கும், ஒட்டும், மூச்சடைக்கும்.

எண்ணெய் மணலை என்ன செய்கிறது?

கடலில் விழுந்ததும் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவும். அதன் லேசான பகுதி ஆவியாகிவிடும். நமக்கு வந்த அந்தப் பெட்ரோல் வாடை அதுதான். கனமான பகுதி மிஞ்சும். அலை அதைக் கடல்நீரோடு சேர்த்து அடித்துக் கலக்கும்போது கெட்டிக் குழம்புபோல் ஆகிவிடும். நீரையும் உள்ளே இழுத்துக்கொள்வதால் அதன் அளவு மூன்று, நான்கு மடங்காகப் பெருகலாம். பிறகு உடைந்து உடைந்து தார் உருண்டைகளாகக் கரை ஒதுங்கும்.

மணலைத் தொட்டதும் இரண்டு விஷயம் நடக்கும்.

முதலாவது, அடைப்பு. எண்ணெய் மணிகளைப் பூசிக்கொண்டு இடைவெளிகளை நிரப்புகிறது. நீர் வடியாது. உயிர்வாயு உள்ளே போகாது. உள்ளே இருக்கும் சிறு உயிர்கள் மூச்சுத் திணறும். எண்ணெயில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் நச்சுத்தன்மை உடையவை. மணலை வாயில் போட்டுச் சலிக்கும் அந்தக் குட்டி நண்டு, இப்போது எண்ணெயையும் சேர்த்து வாயில் போடுகிறது.

இரண்டாவது, புதைதல். இதுதான் தந்திரமானது. கடற்கரை ஒரே இடத்தில் சும்மா இருப்பதில்லை. ஒவ்வோர் அலையும் மணலை அள்ளும், கொட்டும். இன்று எண்ணெய் படிந்த மணல்மேல் நாளை சுத்தமான மணல் வந்து மூடிவிடலாம். மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஒரு சாண் தோண்டினால் கறுப்புப் பட்டை தெரியும். மணல் எவ்வளவு பருமனாக இருக்கிறதோ, எண்ணெய் அவ்வளவு ஆழமாக இறங்கும்.

எண்ணெயைத் தின்று சிதைக்கும் பாக்டீரியாக்கள் கடலில் இயற்கையாகவே உண்டு. நல்ல செய்தி. ஆனால் அவை வேகமாக வேலை செய்ய உயிர்வாயு வேண்டும். புதைந்து, அடைபட்ட இடத்தில் அது இருக்காது. அதனால் புதைந்த எண்ணெய் நெடுநாள் அப்படியே கிடக்கும்.

எவ்வளவு நாள்? 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி ஏறக்குறைய 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. பத்தாண்டுகளுக்குப் பிறகும் சில கரைகளைத் தோண்டிய ஆய்வாளர்கள் அடியில் எண்ணெயைக் கண்டார்கள். அலாஸ்கா குளிர்ப் பகுதி. நம் வெதுவெதுப்பான கடலில் எண்ணெய் விரைவாகச் சிதையும். ஆனாலும் 'கண்ணுக்குத் தெரியவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல.

சுத்தம் செய்ய ஏன் அவ்வளவு நாள்?

ஜூன் 14க்குப் பிறகு எல்லாக் கடற்கரைகளும் நீச்சலுக்கு முழுமையாகத் திறக்க ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆனது. அதற்குக் காரணங்கள் உண்டு.

கடலில் மிதக்கும் எண்ணெயைத் தடுக்க மிதவைத் தடுப்புகள் போடப்பட்டன. எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்கும் மருந்தும் தெளிக்கப்பட்டது. அந்த மருந்து எண்ணெயை மாயமாக மறையச் செய்வதில்லை. நீரின் மேற்பரப்பிலிருந்து நீருக்குள் அனுப்புகிறது. கரைக்கு வரும் எண்ணெய் குறையும், அதே நேரம் நீருக்குள் இருப்பவற்றுக்கு ஆபத்து கூடலாம். எதைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை.

மணலில் பெரிய இயந்திரங்களை இறக்கினால் வேலை சீக்கிரம் முடியுமே? முடியும். ஆனால் சக்கரங்கள் எண்ணெயை இன்னும் ஆழமாக அழுத்திவிடும். நல்ல மணலையும் சேர்த்து வாரிவிடும். அதனால்தான் பல இடங்களில் துப்புரவு ஊழியர்கள் மண்வெட்டியால், கையால், அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்தார்கள். ஜூன் மாத வெயிலில், முழுப் பாதுகாப்பு உடையில். முதலில் கண்ணுக்குத் தெரியும் எண்ணெய். பிறகு புதைந்திருப்பது. அதன்பிறகு பாறை இடுக்குகளில், அலைத்தடுப்புக் கற்களில் ஒட்டியது. சுத்தம் செய்த இடத்துக்கே அடுத்த அலை மீண்டும் எண்ணெயைக் கொண்டுவந்தால், மறுபடியும் முதலிலிருந்து!

இன்னொரு சிக்கல், கழிவு. எண்ணெயோடு மணல், கடற்புல், குப்பை எல்லாம் சேர்ந்துவிடும். அகற்ற வேண்டிய கழிவின் எடை, கசிந்த எண்ணெயைவிடப் பல மடங்கு கூடுதலாகிவிடும். அள்ளிய மணல் முழுவதும் கடற்கரையின் இழப்பு.

சில இடங்களில் சுத்தம் செய்யாமல் விடுவதே நல்லது. லாப்ரடாரை ஒட்டிய பெர்லேயர் சிற்றோடையில் சதுப்புநிலக் காடு இருக்கிறது. அங்குள்ள மரங்கள் சேற்றிலிருந்து மேலே நீட்டிய வேர்களால் சுவாசிக்கின்றன. உள்ளே இறங்கி மிதித்தால் எண்ணெய் செய்வதைவிட அதிகச் சேதத்தை நாமே செய்துவிடுவோம். அதனால் எண்ணெய் உள்ளே புகாமல் தடுப்பதுதான் அங்கே முதல் வேலை. அலாஸ்காவிலும் இந்தப் பாடத்தைக் கற்றார்கள். சூடான நீரை அழுத்தத்தோடு பீய்ச்சியதில், எண்ணெயில் தப்பிய உயிர்கள்கூடச் செத்துப்போயின.

யார் பணம் கொடுப்பது?

எண்ணெய்க் கப்பல்களைப் பொறுத்தவரை அனைத்துலக உடன்பாடும் சிங்கப்பூர்ச் சட்டமும் சொல்வது இதுதான்: எந்தக் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்ததோ, அதன் உரிமையாளர் மாசுக்கான இழப்பீட்டுக்குப் பொறுப்பு. மோதியது யார் தப்பு என்பது பிறகு. முதலில் இழப்பீடு, பிறகு அவர்களுக்குள் வழக்கு. துப்புரவுச் செலவையும் வியாபார இழப்பையும் கணக்குப் போட்டுக் கேட்கலாம்.

கணக்குப் போடக் கஷ்டமானது மணலுக்குள் இருந்தவை. கடை மூடியிருந்தால் ரசீது காட்டலாம். கோப்பிபாட்டுக்கு ரசீது இல்லை.

மறுபடியும் நடக்குமா?

நடக்காது என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. உலகிலேயே கப்பல்களுக்கு ஆக அதிகமாக எரிபொருள் நிரப்பும் துறைமுகம் சிங்கப்பூர். 2024இல் மட்டும் ஏறக்குறைய 55 மில்லியன் டன் விற்பனை. அதற்குப் பக்கத்திலேயே பவளப்பாறை, சதுப்புநிலம், நீச்சலடிக்கும் கடற்கரை. உலகின் பரபரப்பான கப்பல் வழியும் நம் சின்னச் சின்னக் கரைகளும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்கின்றன.

2010 மே மாதம் புங்கா கெலானா 3 என்ற எண்ணெய்க் கப்பல் விபத்துக்குள்ளானபோதும் எண்ணெய் கிழக்குக் கடற்கரைக்கு வந்தது. 2024இலேயே அக்டோபரில் புக்கோம் தீவில் ஷெல் நிறுவனத்தின் குழாயிலிருந்து, எண்ணெயும் நீரும் கலந்த கழிவு கடலில் கசிந்தது. ஆக, நல்ல தயார்நிலையும் வேகமான தடுப்பும்தான் நம் பாதுகாப்பு. மணலுக்குள் இறங்கிய பிறகு எடுப்பதைவிட, கரையைத் தொடும் முன்பே தடுப்பது எவ்வளவோ சுலபம்.

நாம் என்ன செய்யலாம்?

கடற்கரையில் தார் உருண்டையோ எண்ணெய்ப் படலமோ பார்த்தால் தொடவேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அதிகாரிகளிடம் தெரிவியுங்கள். காலில் ஒட்டிவிட்டால் பெட்ரோலோ தின்னரோ வேண்டாம். கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

எண்ணெயில் நனைந்த பறவையைப் பார்த்தால் நீங்களே கழுவ முயலவேண்டாம். தவறான முறையில் கழுவினால் இன்னும் பயந்து, குளிர்ந்து இறந்துவிடலாம். தேசிய பூங்காக் கழகத்தை அழையுங்கள்.

உதவ ஆசையா? 2024இல் நூற்றுக்கணக்கானோர் தொண்டூழியர்களாகப் பெயர் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றபிறகு கரையில் நடந்து, எண்ணெய் எங்கே புதிதாக ஒதுங்குகிறது என்று கண்காணித்தார்கள். நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது, முறையும் தெரியவேண்டும். அதைக் கற்றுத்தரும் கடற்கரைத் துப்புரவு, இயற்கை நடை நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் கைப்பேசியின் மேக்ரோ கேமராவே போதும். ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி ஒன்று, இளஞ்சிவப்பாய் ஒன்று, சிப்பியின் ஓரம் ஒன்று. பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். அங்கே ஆள் இருக்கிறது.